நூலகம் யாருடையது? வாசகர் கேள்வி-பதில்

தென்னாப்பிரிக்காவில் நான் இருபத்தொன்பது ஆண்டுகள் பணிசெய்த நகராட்சி நூலகத்தில் தமிழ் அடுக்குகள் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்துவிட்டதைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் வெளியிட இடம் போதாது என்பதால், பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (வாசகி ஒருவர், சாட்ஸ்வர்த்): ஐயா, எங்கள் பகுதி நூலகத்தில் புதிய தமிழ்ப் புத்தகத்தைக் கண்ணால் கண்டு ஆண்டுக்கணக்காகிறது. நூலகரைக் கேட்டால் நகராட்சியைக் கேளுங்கள் என்கிறார். நகராட்சியில் மாகாண அரசைக் கை காட்டுகிறார்கள். உண்மையில் நூலகம் யாருடையது?

பதில்: அம்மா, இருவரும் பொய் சொல்லவில்லை; சிக்கலே அதில்தான் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம், தேசிய நூலகங்கள் நீங்கலாக மற்ற எல்லா நூலகங்களையும் தன் ஐந்தாம் அட்டவணையில் மாகாணத்துக்கே உரிய பொறுப்பாக எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் பிறப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பிருந்தே கட்டடம், ஊழியர், புத்தகம் என்று அனைத்தையும் நடத்தி வந்தவை நகராட்சிகள். பொறுப்பு ஒருவர் பெயருக்கு மாறியது. சாவிக்கொத்தும் சம்பளப் பட்டியலும் மற்றவர் கையிலேயே தங்கிவிட்டன. காசு கொடுக்காமல் தலையில் கட்டிய கடமை என்று நகராட்சிக் கணக்கர்கள் இதை அலுத்துக்கொண்டு சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

தண்ணீர்க் குழாய் உடைந்தால் தெருவே திரண்டு வந்து நிற்கும். நூலகத்தில் ஓராண்டு முழுக்கப் புத்தகம் வாங்காமல் விட்டால் வாசலில் ஒருவரும் வந்து நிற்கமாட்டார்கள். சம்பளத்தைக் குறைக்க முடியாது, மின்கட்டணத்தைத் தள்ளிப்போட முடியாது. ஆகவே பற்றாக்குறை வரும்போது முதலில் வெட்டப்படுவது புத்தகம் வாங்கும் தொகை, அதற்குள்ளும் முதலில் வெட்டப்படுவது அதிகம் பேர் கேட்டு வாங்காத மொழிகளுக்கான தொகை.

இந்தக் குழப்பத்தைச் சரிக்கட்டவே மத்திய அரசு 2007-08 நிதியாண்டு முதல் சமுதாய நூலகங்களுக்கென்று, வேறு எதற்கும் செலவிடக் கூடாத நிபந்தனை மானியம் ஒன்றை மாகாணங்கள் வழியாகக் கொடுத்து வருகிறது. அது அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 150 கோடி ராண்டு. கேட்பதற்குப் பெரிய தொகைதான், 6.2 கோடி மக்களுக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 24 ராண்டு வருகிறது, அதைக் கொண்டு டர்பனில் குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி ஊற்றிய கால் பன்னி சௌகூட வாங்க முடியாது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி, நூலகமே இல்லாதிருந்த கிராமங்களிலும் கறுப்பின மக்களின் குடியிருப்புகளிலும் புதிய கட்டடம் எழுப்பவும் ஆள் அமர்த்தவும் போகிறது. அது நியாயம் என்பதே என் கருத்து. நம் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாவது சட்டை வேண்டும் என்று கேட்பதற்கு முன், சட்டையே இல்லாத பிள்ளைக்கு ஒன்று கிடைக்கட்டும்.

இருந்தாலும் வாய்மூடி இருக்கச் சொல்லவில்லை. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1 அன்று தொடங்குகிறது. அதற்குத் தொண்ணூறு நாட்களுக்கு முன்பாக, அதாவது மார்ச் மாத முடிவுக்குள், வரைவு வரவுசெலவுத் திட்டத்தை மன்றத்தில் வைத்தாக வேண்டும் என்பது சட்டம். பிறகு பொதுமக்களின் கருத்தைக் கேட்டாக வேண்டும் என்பதும் சட்டம். ஏப்ரலிலும் மே மாதத்திலும் நடக்கும் அந்தக் கூட்டங்களுக்குப் போய், எத்தனை தமிழ் நூல் வாங்கினீர்கள், வாங்கப் போகிறீர்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். அதற்கும் முன்னால், நூலக மேசையில் கிடக்கும் வேண்டுகைத் தாளில் உங்களுக்கு வேண்டிய நூலின் பெயரை எழுதிக் கொடுத்து, தேதியோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன குறை மேலதிகாரியின் மேசைக்குப் போய்ச் சேராது. நானே எத்தனையோ குறைகளைக் காதில் வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்ற அடுத்தவரைக் கவனிக்கப் போயிருக்கிறேன்.

கேள்வி (கோயில் குழு உறுப்பினர் ஒருவர், மெர்பேங்க்): நகராட்சியை நம்பிப் பயனில்லை. நாமே நன்கொடை திரட்டிக் கோயில் வளாகத்தில் ஒரு தமிழ் நூலகம் கட்டினால் என்ன? முன்னோர் அப்படித்தானே செய்தார்கள்?

பதில்: முன்னோர் அப்படித்தான் செய்தார்கள், ஆனால் அவர்களுக்கு வேறு வழியில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இந்த நாட்டில் பொது நூலகம் என்பது வெளியே நின்று பார்க்கும் கட்டடமாக மட்டுமே இருந்தது. 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம், இன வாரியாக மக்களைப் பிரித்துவைக்கும், ஏற்கெனவே இருந்துவந்த அந்த வழக்கத்தைக் கடற்கரை பெஞ்சு முதல் நூலக நாற்காலி வரை எழுத்தில் பூட்டியது. ஜோகன்னஸ்பர்க் நகர நூலகம் எல்லா இனத்தாருக்கும் கதவைத் திறந்தது 1974இல்தான். அந்தச் சட்டமே 1990இல்தான் நீக்கப்பட்டது. அந்த நிலையில் பள்ளிக்கூடமானாலும் புத்தக அலமாரியானாலும் நம்மவர் தம் கையிலிருந்த காசைப் போட்டே கட்டிக்கொண்டார்கள். டர்பன் குவீன் தெருவில் வணிகர் பார்சி ருஸ்தம்ஜியின் கொடையால் எழுந்த காந்தி நூலகம் அந்தக் காலத்துக் கதைகளில் ஒன்று. 1903இல் காந்தியின் முயற்சியால் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பினியன்’ இதழில் தமிழ்ப் பகுதி சில ஆண்டுகளில் நின்றுபோனது. தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ இதழைப் பத்திரிகையாளர் பி. எஸ். ஐயர் 1908இல் தொடங்கினார். படிக்கக் கொடுப்பவர் எவரும் இல்லாதபோது தாமே அச்சடித்துப் படித்தவர்கள் அவர்கள்.

இன்று நிலைமை வேறு. அரசியலமைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, இந்நாட்டில் மதித்துப் போற்றப்பட வேண்டிய சமூக மொழிகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும்போது குஜராத்தி, இந்தி, தெலுங்கு, உருது ஆகியவற்றோடு தமிழையும் சொல்கிறது. நாம் செலுத்தும் வீட்டு வரியும் அதே நகராட்சிப் பெட்டியில்தான் விழுகிறது. உரிமையுள்ள இடத்தில் கேட்காமல் தனியாக ஒதுங்கிப் போய்க் கட்டிக்கொள்வது, ஒரு காலத்தில் பிறர் நம்மீது சுமத்திய ஒதுக்கலை நாமே விரும்பி ஏற்பதாகாதா என்ற கேள்வி எனக்கு உண்டு.

நடைமுறைச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். கட்டடம் எழுப்புவது எளிது. திறப்பு விழாவுக்கு நன்கொடையாளர் பெயர் பொறித்த கல் கிடைக்கும், மாலை கிடைக்கும். மூன்றாம் ஆண்டின் மின்கட்டணத்துக்கு ஒருவரும் மாலை போடமாட்டார்கள். ஊர் பெயர் வேண்டாம், ஒரு மண்டபத்தில் கண்ணாடி அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகங்களைக் கண்டு ஆசையோடு அருகில் போனேன். பூட்டியிருந்தது. சாவி செயலாளரிடம் இருக்கிறது என்றார்கள். செயலாளர் பிள்ளையோடு ஜோகன்னஸ்பர்க்கில் குடியேறி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நூலின் முதுகட்டை கரையானுக்கு இரையாகி, ஒரு கோடு மண்ணாக இறங்கியிருந்ததை வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன்.

ஆகவே, திரட்டும் பணத்தைச் செங்கல்லில் போடாதீர்கள். உங்கள் பகுதி நூலகரோடு உட்கார்ந்து, தமிழும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கத்தில் அச்சான சிறுவர் நூல்களாக ஐம்பதைத் தேர்ந்து வாங்கிக் கொடுங்கள். சனிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் அவற்றைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட இரண்டு பேரை அனுப்புங்கள். 2014இல் பள்ளிகளில் தமிழ் விருப்பப் பாடமாக மீண்டும் இடம்பெற வழி பிறந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். பாடநூலைத் தவிர வேறு தமிழ் நூல் எதையும் கையில் எடுக்காத பிள்ளை அந்த மொழியைத் தேர்வோடு மறந்துவிடும். நகராட்சி உங்கள் நன்கொடையைக் காட்டித் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளக் கூடும் என்பதால், கொடுக்கும் கடிதத்திலேயே இது உங்கள் ஒதுக்கீட்டுக்கு மேலதிகமானது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

கேள்வி (வாசகர் ஒருவர், பீனிக்ஸ்): எங்கள் தாத்தா சேர்த்து வைத்த ஆறு பெட்டித் தமிழ்ப் புத்தகங்களை நூலகத்துக்கு இலவசமாகக் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இது அவமானம் இல்லையா?

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் அவர்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். ஒரு புத்தகம் அடுக்கில் ஏற வேண்டுமானால் அதற்குப் பட்டியலில் பதிவு வேண்டும், எண் வேண்டும், பட்டைக்குறி ஒட்ட வேண்டும். தமிழ் இலக்கியத்துக்கு, நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி முறையில் 894.811 என்ற எண் இருக்கிறது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவதற்கு நூலின் பெயரை வாசிக்கத் தெரிந்த ஊழியர்தான் இல்லை. எங்கள் கணினியில் தமிழ் எழுத்து ஏறாது என்பதால் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதுவோம். ‘திருக்குறள்’ என்ற ஒரே சொல் மூன்று பேர் கையில் மூன்று விதமாக எழுதப்பட்டு, மூன்று வெவ்வேறு நூல்கள்போல் பட்டியலில் கிடந்ததைத் திருத்தியவன் நான். தேடியவருக்குக் கிடைக்கவில்லை, கிடைக்காததால் இரவல் போகவில்லை, இரவல் போகாததால், பயன்படாத நூல்களைக் களையெடுக்கும்போது முதலில் வெளியேறியது.

பழைய புத்தகங்களின் பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை கழிப்பதற்காக எடுத்து வைத்த தமிழ் நாவல் ஒன்றின் தாளில், முதல் இரண்டு பத்திகளில் ஊதா மை முத்திரைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன, சில மாதங்களில் மூன்று முத்திரைகள்கூட. மூன்றாம் பத்தி பாதியில் நின்றுவிட்டது. கடைசி முத்திரைக்குப் பிறகு பதினோரு ஆண்டுகள். அதை வைத்துக்கொள்வதற்கு மேலதிகாரியிடம் சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

உங்கள் பெட்டிகளை இரண்டாகப் பிரியுங்கள். தமிழ்நாட்டில் இன்றும் அச்சில் கிடைக்கும் நூல்களைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். இங்கே அச்சான துண்டறிக்கை, பஜனைப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, சங்கத்தின் கணக்கு நோட்டு, ஊரிலிருந்து வந்த கடிதம் ஆகியவைதான் கிடைத்தற்கரியவை. அவற்றைக் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்தூலி ஆவண மையத்தினரிடம் காட்டுங்கள். குப்பை என்று நீங்கள் தள்ளிவைத்திருக்கும் ஏழாவது பெட்டி ஒன்று இருக்குமானால் அதை முதலில் காட்டுங்கள்.

கேள்வி (வாசகி ஒருவர், வெருலம்): புத்தகத்துக்கும் வாட் வரி போடுகிறார்களே, இது முறையா?

பதில்: முறையில்லை. பழுப்பு ரொட்டி, சோளமாவு, அரிசி, பருப்பு, பால், முட்டை ஆகியவற்றுக்கு வாட் கிடையாது. புத்தகத்துக்கு 2018 ஏப்ரல் முதல் 15 விழுக்காடு, அதற்கு முன் 14. 2025இல் இந்த விகிதத்தை இன்னும் உயர்த்தும் பேச்சு எழுந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அந்த அமளியிலும் புத்தகத்தை விலக்குங்கள் என்ற குரல் பெரிதாகக் கேட்கவில்லை. வரியை நீக்கினால் பணக்காரர்களுக்கே லாபம், ஏழைகள் புத்தகம் வாங்குவதில்லை என்பது அரசுத் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் வாதம். ஏழைகளுக்காகப் புத்தகம் வாங்குவது நூலகம், அந்தப் புத்தகத்தின் விலையிலும் வரி ஏறியிருக்கிறது என்பதை அந்த வாதம் கண்டுகொள்வதில்லை. சென்னையிலிருந்து தருவிக்கும் தமிழ் நூலுக்கு அஞ்சல் செலவே நூல் விலையைத் தாண்டிவிடும். அதன் மேல் இதுவும்.

கேள்வி (வாசகர் ஒருவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்): எங்கள் சங்கத்தின் நினைவு மலரை அச்சிடப் போகிறோம். நூலகங்களில் சேர்க்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது மிக எளிது. 1997ஆம் ஆண்டின் சட்டப்படி இந்நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைக் குறிப்பிட்ட சில நூலகங்களில் ஒப்படைக்க வேண்டும். பிரிட்டோரியாவிலும் கேப் டவுனிலும் உள்ள தேசிய நூலகம், நாடாளுமன்ற நூலகம், ப்ளூம்ஃபொன்டைன் நகர நூலகம் ஆகியவற்றோடு, உங்கள் ஊரின் பொது நூலகமும் அவற்றில் ஒன்று. அவ்வூரில் 1937இல் பிறந்த எழுத்தாளர் பெஸ்ஸி ஹெட் பெயரைத் தாங்கியிருக்கும் நூலகந்தான் அது. ஒவ்வொரு நூலுக்கும் உரிய பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். எண்ணைப் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய நூலகம் கட்டணமின்றித் தருகிறது. ஒரே ஒரு வேண்டுகோள்: மலரில் போடும் பழைய படங்களின் கீழே, இடமிருந்து வலமாக யார் யார் என்று எழுதிவிடுங்கள். ‘அக்காலப் பெரியோர்கள்’ என்று மட்டும் எழுதிய படங்களை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு போதும்.

கேள்வி (வாசகர் ஒருவர், லெனேசியா): தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறதே, அங்கே காசு எங்கிருந்து வருகிறது?

பதில்: வீட்டு வரியிலிருந்து. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் வந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். நூலகத்தின் தேவை ஒவ்வோர் ஆண்டும் அமைச்சரின் மனநிலையைப் பொறுத்து மாறக் கூடாது என்பதால், சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கென்றே ஒரு கூடுதல் வரியை வசூலிக்கும் ஏற்பாட்டை அந்தச் சட்டம் செய்தது. இன்று அது ரூபாய்க்குப் பத்துக் காசு. வரி கட்டும் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்தோ தெரியாமலோ நூலகத்தின் புரவலர். வசூலித்த தொகையை உள்ளாட்சிகள் தம் கையிலேயே வைத்துக்கொண்டு, நூலகத் துறைக்குக் காலம் தாழ்த்திக் கொடுக்கின்றன என்ற புகாரும் அங்கே பழையது. பெரிய நூலகங்கள் பளிச்சென்று இருக்க, கிளை நூலகங்களில் மின்விசிறி ஓடாது என்றும் அங்கிருந்து வருபவர்கள் குறைப்படுகிறார்கள். ஆனாலும் கேட்பதற்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, நமக்கு அது இல்லை.

ஒரு காலத்தில் இங்கும் இருந்தது என்றால் நம்புவீர்களா? 1818இல் கேப் டவுனில் பொது நூலகம் நிறுவப்பட்டபோது, ஆளுநர் சார்ல்ஸ் சாமர்செட் அதன் செலவுக்காகத் திராட்சை மதுப் பீப்பாய்களின் மீது வரி போட்டார். குடிக்கிறவர் படிக்கிறவருக்குப் படியளக்கும் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. அடுத்த பத்தாண்டிலேயே வரி நீக்கப்பட, நூலகம் சந்தா கட்டுபவர்களை நம்பிப் பிழைக்க வேண்டியதாயிற்று. நூலகத்துக்குத் தனி வருவாய் ஒதுக்குவது புதுமையான யோசனை என்று யாராவது சொன்னால், அது இருநூறு ஆண்டுப் பழசு என்று நீங்கள் பதில் சொல்லலாம். மதுவிலும் சூதாட்ட விடுதியிலும் இன்று அரசுக்கு வரும் வரியில் ஒரு சிறு பங்கைக் கேட்பதில் தவறில்லை என்பது என் எண்ணம். கோயில் குழுவினர் சிலர் பாவப் பணம் என்று முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கேள்வி (மாணவி ஒருவர், டொங்காட்): ஐயா, எல்லாம் கைப்பேசியில் கிடைக்கும்போது நூலகத்துக்கு ஏன் போக வேண்டும்?

பதில்: எல்லாம் கிடைக்கிறது என்பது ஏறக்குறைய உண்மைதான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் சங்க நூல்கள் முதல் பாரதியார் வரை இலவசமாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களின் பக்கங்களையே படமாகப் பார்க்கலாம். எங்கள் காலத்தில் ஒரு நூல் கப்பலில் வர மூன்று மாதம் காத்திருந்தோம். இதையெல்லாம் பார்க்கும்போது எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

ஆனால் அந்தப் பக்கங்களைத் திறக்க டேட்டா வேண்டும், அதன் விலை உனக்கே தெரியும். நூலகத்தில் வைஃபை இலவசம். மின்வெட்டு தலைவிரித்தாடிய ஆண்டுகளில் தேர்வுக் காலத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் எங்கள் படிப்பறையில் உட்கார இடம் கிடைக்காது. வீட்டில் ஐந்து பேர் ஓர் அறையில் இருக்கும் பிள்ளைக்கு மேசையும் நாற்காலியும் மூன்று மணி நேர அமைதியும் எந்தக் கைப்பேசியிலும் இறங்கி வராது. இன்னொன்று: மின்னூலகத்தில் நீ நூறு தமிழ் நூல் படித்தாலும் உன் ஊர் நூலகத்தின் கணக்கில் அது பூஜ்யந்தான். உன் அட்டையில் ஒரு தமிழ்ப் புத்தகம் இரவல் போனால், அந்த ஒன்று கணினியில் பதிவாகி, அடுத்த ஆண்டு என்ன வாங்குவது என்று முடிவெடுக்கும் தாளில் ஓர் எண்ணாக நிற்கும். படித்து முடிக்காவிட்டாலும் பரவாயில்லை, எடுத்துச் செல்.

உறுப்பினர் அட்டைக்கு முகவரிச் சான்று கேட்பார்கள். அப்பா அல்லது அம்மா பெயரில் வரும் தண்ணீர், மின்கட்டணப் பில் போதும். பழைய பில்லை ஏற்கமாட்டார்கள், இந்த மாதத்துப் பில்லாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போ.